கோவில் கட்டடக் கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வெயில், கரண்ட், மழைத்தண்ணீர்

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆலயத்தின் சேகரக் குழுவிலோ கத்தோலிக்க ஆலயத்தின் பங்குப் பேரவையிலோ புதிதாகச் சேர்ந்து, "கட்டட வேலைய நீங்க பாத்துக்கோங்க" என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கத்து ஆலயங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே வெயில், காற்று, தண்ணீர் எல்லாம் ஒரு மாதிரி, தஞ்சாவூரிலும் நாகர்கோவிலிலும் வேறு மாதிரி. அங்கே எழுதியதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் காசுதான் வீணாகும்.

ஆலயம் எதற்கு இதில் இறங்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே யாராவது கேட்பார்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலையே தோட்ட வேலை. தோட்டமும் கிணறுமாக வாழ்ந்த கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. கத்தோலிக்கர்கள் என்றால் போப் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய லவ்தாத்தோ சீ சுற்றுமடல் இருக்கிறது, பூமியை நம் பொது வீடு என்று அது சொல்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் காரணம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமுமாகத் தேங்கி, சுற்றி இருந்த கிணறுகள் கெட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது. நம் சபைகளில் பட்டறையில் வேலை பார்த்த குடும்பமும் கிணறு கெட்டுப்போன குடும்பமும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மண்ணும் தண்ணீரும் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. அந்த ஊரில் ஒவ்வொரு வருஷமும் மழைக்காக ஜெபம் பண்ணிவிட்டு, மழை வந்ததும் நம் ஆலயக் கூரைத் தண்ணீரையே சாக்கடைக்கு விடுவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: சோலார் கடைசியில்தான் வர வேண்டும். கமிட்டிக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சோலார்தான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது, திறப்பு விழா வைக்கலாம், கல்வெட்டு போடலாம். ஆனால் வெயிலைக் குறைக்காமல், வீணாகப் போகிற கரண்ட்டை நிறுத்தாமல் சோலார் போட்டால், வீணடிப்பதற்குப் பெரிதாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டதாகத்தான் ஆகும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கடந்த இரண்டு வருஷத்து ஈ.பி. பில்களை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஆக மொத்தம் 12 இருக்கும். வளாகத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறது, எந்த இணைப்பு எந்தக் கட்டடத்துக்குப் போகிறது, ஒவ்வொன்றும் என்ன கட்டண வகையில் இருக்கிறது என்று எழுதுங்கள். வழிபாட்டுத் தலத்துக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டண வகை உண்டு, இரண்டு சி என்பார்கள். கல்யாண மண்டபத்துக்கும் வாடகைக் கடைக்கும் வணிகக் கட்டணம். ஆலய மீட்டரிலிருந்து மண்டபத்துக்கு ஒயர் இழுத்து வைத்திருந்தால் அதை முதலில் சரி பண்ணுங்கள். ஒரு நாள் ஆய்வுக்கு வந்து அபராதம் போட்டால் ஆயர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஆலயத்தைத் தினமும் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வாருங்கள். எந்த ஸ்விட்ச் எப்போது போடுவது, எப்போது அணைப்பது, மோட்டார் எத்தனை நேரம் ஓடுகிறது, எந்த டேங்க் நிரம்பி வழிகிறது என்பதெல்லாம் கமிட்டியில் யாருக்கும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு விளக்கு, ஃபேன், மோட்டாருக்கும் நேராக எத்தனை வாட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று இரண்டே இரண்டு எண் எழுதுங்கள். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாரத்துக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும்.

இந்தக் கணக்கு எதற்கு என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான கமிட்டிகள் காசை விடுவது இந்த இடத்தில்தான். 40 ஃபேன் உள்ள ஒரு ஆலயம். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட், குறைந்த கரண்ட்டில் ஓடுகிற புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். கேட்டவுடன் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஃபேன்கள் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் ஓடுகின்றன என்றால், மிச்சமாவது வாரத்துக்கு 9 யூனிட், வருஷத்துக்கு 468 யூனிட். நாற்பது ஃபேனுக்கும் லட்ச ரூபாய்க்கு மேல் போட்டுவிட்டு இதை வைத்து முதலைத் திருப்ப ஒரு தலைமுறை ஆகிவிடும். இப்போது கோபுரத்தின் மேல் அடிக்கிற ஒரே ஒரு 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைப் பாருங்கள். ராத்திரி முழுவதும் 11 மணி நேரம் எரிகிறது. அதை 150 வாட் எல்.இ.டி.யாக மாற்றினால் வருஷத்துக்கு ஆயிரம் யூனிட் மிச்சம். ஒரு விளக்கு, நாற்பது ஃபேனைவிட இரண்டு மடங்குக்கு மேல்! ராத்திரி பத்து மணிக்கு அணைகிற மாதிரி ஒரு டைமரும் போட்டுவிட்டால் இன்னும் குறையும், பூச்சிகளும் பறவைகளும்கூட நிம்மதியாக இருக்கும்.

ஆக, எத்தனை வாட் என்பதைவிட எத்தனை மணி நேரம் என்பதுதான் பெரிது. தினமும் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்: வெளி விளக்கு, மோட்டார், ஆயர் வீடு, அலுவலகம், விடுதி இருந்தால் விடுதி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற ஃபேன் கெட்டுப்போகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.

"ஃபேனு நல்லாத்தான ஓடுதுங்க, எதுக்கு மாத்தோணும்?" என்று பொருளாளர் கேட்டால் அவர் சொல்வதும் நியாயம்தான். "மாத்த வேண்டாமுங்கண்ணா, கெட்டுப்போறப்ப பாத்துக்கலாம், இந்த வெளி லைட்ட மட்டும் இப்ப மாத்திக்கலாமுங்க" என்று நோட்டைக் காட்டுங்கள். கேட்கிற தொகை சின்னது, பலன் அடுத்த பில்லிலேயே தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை அவர் காது கொடுத்துக் கேட்பார்.

ஃபேன் மாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பல ஆலயங்களில் ஃபேன் இறக்கையில் இன்னார் நினைவாக என்று பெயிண்ட்டில் எழுதியிருக்கும். கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர்கள் சம்மதத்தோடு அந்தப் பெயரைச் சுவரில் ஒரு பலகையில் எழுதிவிடலாம். கேட்காமல் கழற்றினால் அந்த வருத்தம் பல வருஷம் நிற்கும், உங்கள் நல்ல வேலை எல்லாம் அதில் அடிபட்டுப் போகும்.

வெயில்

நம் பக்கம் புதிதாகக் கட்டுகிற ஆலயங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தட்டையான கான்கிரீட் கூரை, முகப்பு முழுக்கக் கண்ணாடியும் அலுமினியத் தகடும், உள்ளே பி.வி.சி. ஃபால்ஸ் சீலிங். சித்திரை வைகாசியில் பதினோரு மணி ஆராதனைக்கு உள்ளே உட்கார முடியாமல், ஆராதனை முறைத் தாளையே விசிறியாக்கிக்கொண்டு, பாடகர் குழுப் பிள்ளைகள் அங்கிக்குள் வேர்த்து ஊற்றி நிற்பார்கள். அடுத்த வருஷம் ஏ.சி. வாங்க நிதி திரட்டல் ஆரம்பிக்கும். ஒன்றரை டன் ஏ.சி. எட்டு போட்டால் கிட்டத்தட்ட 12 கிலோவாட் லோடு. அதற்கு ஈ.பி. லோடு கூட்ட வேண்டும், ஜெனரேட்டரும் பெரிதாக வாங்க வேண்டும், எல்லாம் வாரத்தில் நாலு மணி நேரத்துக்கு.

ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா அருகே உள்ள பிரப் நினைவு ஆலயத்துக்கு உள்ளே ஒரு வெயில் நாளில் போய் நின்று பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரி பிரப்பின் பெயரில் இருக்கும், இந்தோ-சரசெனிக் பாணிக் கட்டடம். மின்விசிறியை நம்பிக் கட்டிய காலம் இல்லை அது. கூரை எவ்வளவு உயரம், சுவர் எவ்வளவு கனம், காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அண்ணாந்து பாருங்கள். சூடான காற்று மேலே போகும், மேலே அதற்கு வழி இருந்தால் வெளியே போய்விடும். அந்த வழியைத்தான் நாம் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிக்கொண்டிருக்கிறோம்.

இருக்கிற கட்டடத்தில் என்ன செய்யலாம்?

கூரைக்கு வெள்ளை அடியுங்கள். இதைவிட மலிவான வேலை எதுவும் இல்லை. தட்டையான கான்கிரீட் கூரை பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டுச் சாயங்காலம் உள்ளே விடும், அதனால்தான் ஆறு மணிக் கூட்டத்திலும் வேர்க்கிறது. மாசி மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன், இளைஞர் குழுவை ஒரு சனிக்கிழமை காலையில் மேலே ஏற்றுங்கள். பாசியையும் மண்ணையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசல் இருந்தால் முதலில் அடைக்க வேண்டும், ஈரக் கசிவு உள்ள கூரைக்கு மேலே வெள்ளை அடித்து மறைப்பது ஆபத்து. சுண்ணாம்பை முந்தின ராத்திரியே டிரம்மில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசை கலந்து, தளத்தை லேசாக நனைத்துவிட்டு, மெல்லியதாக மூன்று பூச்சு. ஒரே கனமான பூச்சாக அடித்தால் உரிந்து வந்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதனால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். லெந்து நாட்களும் அந்தச் சமயத்தில்தான் வருகின்றன, தவக்காலப் பணியாக வைத்துக்கொண்டால் மறக்காது. வசதி இருந்தால் சூடு தாங்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கலாம், சில வருஷம் நிற்கும். இன்னும் நீடித்து நிற்க வேண்டுமென்றால் சுருக்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த கலவை) போட்டுத் தட்டோடு பதிக்கலாம், ஆனால் கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று என்ஜினீயரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

கிராமத்து ஆலயங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரை இருக்கும். அதன் மேல் யாரையும் நடக்க விடாதீர்கள், உடைந்து விழுந்து உயிர் போன கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. அறுப்பது, துளை போடுவது, உடைப்பது எதுவும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மாற்றுவதாக இருந்தால் நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும். மாற்ற நிதி இல்லையென்றால் கீழே பனையோலை அல்லது மூங்கில் தட்டி கட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும், கரண்ட் ஒயர் மட்டும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிற காற்று கொங்கு நாட்டுக்குக் கிடைத்த கொடை. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பழைய மரபுப்படி பீடம் கிழக்கே, வாசல் மேற்கே என்று கட்டிய ஆலயமாக இருந்தால் அந்தக் காற்று தலைவாசல் வழியாக நேரே உள்ளே வரும், பீடத்துப் பக்கம் மேலே ஒரு திறப்பு இருந்தால் போதும். மேற்குச் சுவரில் சீல் பண்ணிய கண்ணாடி போட்டுவிட்டால் காற்று வராது, மத்தியான வெயில் மட்டும் வரும். அடைத்து வைத்திருக்கிற ஜன்னல்களையும் வென்டிலேட்டர்களையும் திறக்க வையுங்கள், புறா வராமல் வலை அடித்துக்கொள்ளலாம். சித்திரையிலும் வைகாசியிலும் பெரும்பாலும் காற்றே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதத்துக்கு ஆராதனையை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதுதான் நல்ல வழி, ஒரு பைசா செலவில்லை.

வளாகம் முழுக்க பேவர் பிளாக் போடுகிற பழக்கம் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. கார் நிறுத்த வசதி, சேறு இல்லை, பார்க்கவும் அழகு, சரிதான். ஆனால் அந்தக் கல் சூடேறி ஆலயத்துச் சுவரையே சுடவைக்கும், மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, நிற்கிற வேப்பமரத்தின் வேரும் மூச்சு முட்டும். வண்டி ஓடுகிற தடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு, மரத்தைச் சுற்றி நன்றாக இடம் விட்டு மண்ணாகவே வையுங்கள். மேற்குப் பக்கம் வேம்பு, புங்கன், பூவரசு நடுங்கள். வேகமாக வளரும் என்று யாராவது கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரக் கன்று கொடுத்தால் வாங்க வேண்டாம்.

மழைத்தண்ணீர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதனால் கொஞ்சம் நீளும்.

ஊரில் பெரிய கூரை உள்ள கட்டடங்களில் ஆலயமும் ஒன்று. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 3,000 சதுர அடிக் கூரை என்றால் சுமார் 280 சதுர மீட்டர். வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் சிந்தியும் போய்விடும் என்று கழித்தால்கூட, ஏறக்குறைய 1,45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 12 லோடு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 2024-இல்தான் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் வர ஆரம்பித்தது. ஆயிரம் அடி தாண்டி போர் போட்டும் புகை வருகிற ஊர்களில், நம் கூரையில் தானாக வந்து விழுகிறதை விட்டுவிடலாமா?

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. அதனால் உங்கள் ஆலயத்திலும் ஒரு பைப்பும் ஒரு தொட்டியும் எங்கோ இருக்கும். அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு ஆள் மேலே நின்று இரண்டு குடம் தண்ணீரை ஊற்றட்டும், நீங்கள் கீழே நின்று எங்கே வருகிறது என்று பாருங்கள். பாதி இடங்களில் வரவே வராது, இலையும் குப்பையும் அடைத்திருக்கும். சில இடங்களில் பைப் மண்ணுக்குள் போய், அங்கிருந்து நேராகச் சாக்கடைக்குப் போயிருக்கும்.

சரிபண்ணுகிற முறை இதுதான். கூரை விளிம்பில் தகரத் தாழ்வாரமோ தளத்தில் வடிகாலோ சுத்தமாக இருக்க வேண்டும், பைப் வாயில் கம்பி வலை. கீழே இறங்குகிற பைப்பில் ஒரு கிளை வைத்து, அடியில் திறந்து மூடுகிற மூடி போடுங்கள். வருஷத்தின் முதல் மழையில் தூசியும் புறா எச்சமும் வரும், அது அந்தக் கிளையில் இறங்கி வெளியே போகட்டும். அப்புறம் வடிகட்டித் தொட்டி: அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் சின்ன ஜல்லி, மரக்கரி, மேலே ஆற்று மணல். அதைத் தாண்டி வருகிற தண்ணீர் சம்ப்புக்குப் போகட்டும், சம்ப் நிறைந்தால் மிச்சம் கிணற்றுக்கு. பழைய திறந்த கிணறு வளாகத்தில் இருந்தால் அதைக் குப்பை போட்டு மூடிவிடாதீர்கள், உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அதுதான். தூர் வாரி, இரும்பு வலை போட்டு, வடிகட்டிய தண்ணீரை அதில் விடுங்கள். போருக்குள் நேரடியாக, வடிகட்டாமல் கூரைத் தண்ணீரை விடவே கூடாது, நிலத்தடி நீரையே கெடுத்துவிடும்.

கிணறு இல்லாத இடத்தில் உறிஞ்சு குழி. செம்மண் என்றால் சீக்கிரம் உறிஞ்சும். சூலூர், பல்லடம் பக்கம் போலக் கரிசல் மண் என்றால் மேலே தோண்டி ஜல்லி போட்டாலும் தண்ணீர் அப்படியே நிற்கும், களிமண் அடுக்கைத் தாண்டிச் சுக்கான் கல் வரும் வரை இறங்க வேண்டும். அந்த ஊரில் கிணறு வெட்டிய பெரியவர் யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள், எத்தனை அடியில் என்ன மண் என்று சொல்லிவிடுவார். குழியைக் கல்லறைத் தோட்டத்திலிருந்தும் கழிப்பறைத் தொட்டியிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

எப்போது செய்வது? செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அக்டோபர் நாலாம் தேதி, அசிசி பிரான்சிஸ் திருநாள் வரை, படைப்பின் காலம் என்று உலகம் முழுக்கப் பல சபைகள் அனுசரிக்கின்றன. 1989-இல் கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்ததில் இருந்து வந்தது இது. நம் ஊருக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. ஆடிக் காற்று ஓய்ந்து, கூரை முழுக்கச் சருகும் புழுதியும் சேர்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும். அந்த வாரங்களில் தாழ்வாரம் சுத்தம் பண்ணி, வடிகட்டி மணலை அள்ளிக் கழுவிப் போட்டுவிட்டால் ஐப்பசி மழைக்கு எல்லாம் தயார்.

விருந்தும் குப்பையும்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், பை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் அறுப்பின் பண்டிகை முடிந்த சாயங்காலம் வளாகத்தைப் பாருங்கள். நூறு பேருக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பில், அல்லது கத்தோலிக்க ஆலயம் என்றால் அன்பியங்கள் என்ற தெருவாரிக் குழுக்களின் பொறுப்பில் வையுங்கள், கழுவ ஆளுக்குக் கூலி பட்ஜெட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சுமையும் பெண்கள் தலையிலேயே விழும். பெரிய விருந்துக்கு வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு. சத்தியமங்கலத்திலும் மேட்டுப்பாளையத்திலும் விளைகிறது, வெளியே தேட வேண்டியதில்லை. எச்சில் இலை மாட்டுக்கோ குப்பைக் குழிக்கோ போகட்டும். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் மீந்த துணுக்கைச் சேர்த்து வைக்கச் சொன்னவருடைய வீட்டில் சோறு குப்பைக்குப் போகக்கூடாது. திருவிழாவுக்கு ஃபிளெக்ஸுக்குப் பதில் துணிப் பதாகை எழுதினால் வருஷத்தை மட்டும் மாற்றி மறுபடியும் கட்டலாம்.

புதிதாகக் கட்டப் போகிறீர்களா?

முதல் கேள்வி, உண்மையிலேயே தேவையா என்பது. இரண்டு ஆராதனையாகப் பிரித்தால் இருக்கிற இடமே போதுமா? இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் பழுது பார்ப்பதில் மிச்சமாகிற சிமெண்ட், செங்கல், மணல் எந்தப் பசுமைக் கட்டடத்திலும் மிச்சமாகாது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி, நீதிமன்றம் தலையிட்டு நிறுத்த வேண்டிய நிலை வந்தது ஞாபகம் இருக்கும். ஆலயத்துச் செங்கலும் ஏதோ ஒரு பள்ளத்திலிருந்துதான் வருகிறது.

கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், வெயில் விழுகிற கிழக்கும் மேற்கும் குறுகியதாக இருக்கட்டும். பீடம் கிழக்கே என்ற மரபு தானாகவே இதைக் கொடுத்துவிடுகிறது. கேரளத்தில் மலிவுக் கட்டடங்களுக்குப் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய, செங்கலைக் குத்துவாக்கில் நிறுத்திக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் வைத்தால் செங்கல் கால்வாசி மிச்சம், நடுவில் காற்று இடைவெளி இருப்பதால் சூடும் குறையும். ஆனால் அந்தக் கட்டு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்து, முதலில் காம்பவுண்டுச் சுவரில் கட்ட வைத்துப் பாருங்கள். சேலம், மேட்டூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் செங்கல் கிடைக்கிறது, சூளையில் சுட வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ. என்றால் சொத்து டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும், கத்தோலிக்கம் என்றால் மறைமாவட்ட அனுமதி வேண்டும். வரைபடம் மேலே போவதற்கு முன்பே இதையெல்லாம் அதில் சேர்த்துவிடுங்கள், தளம் போட்ட பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது சோலார்

இவ்வளவும் செய்த பிறகு ஒரு வருஷத்து பில்லை மறுபடி பாருங்கள். அந்தக் குறைந்த கணக்குக்குத்தான் சோலார் போட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம், நம் பக்கத்து வெயிலில் சராசரியாக நாளைக்கு நாலு யூனிட் கிடைக்கும். 5 கிலோவாட் என்றால் நாளைக்கு 20 யூனிட்.

வீடுகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் ஆலயத்துக்கு உண்டு. சோலார் ஏழு நாளும் கரண்ட் எடுக்கும், ஆலயம் பகலில் பயன்படுத்துவது ஞாயிறு ஒரு நாள்தான். மிச்ச ஆறு நாள் கரண்ட் எங்கே போகும், கம்பிக்கு அனுப்பினால் யூனிட்டுக்கு யூனிட் கழிப்பார்களா, அல்லது குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்களா என்பது உங்கள் கட்டண வகையைப் பொறுத்தது. விற்க வருகிறவர் வாயால் சொல்வதை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள், ஈ.பி. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வளாகத்தில் பள்ளிக்கூடமோ விடுதியோ இருந்தால் பகல் கரண்ட்டுக்கு அங்கே தினமும் வேலை இருக்கும், பேனலை அந்தக் கூரையில் அந்த இணைப்பில் போடுவதுதான் புத்திசாலித்தனம். பிரதமர் சூரிய வீடு திட்டத்து மானியம் வீடுகளுக்கானது, ஆலய இணைப்புக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

நிழலையும் பாருங்கள். கோபுரமும் மணிக்கூண்டும் அழகுதான், ஆனால் அவற்றின் நிழல் பேனலில் விழுந்தால் ஒரு பேனலோடு நிற்காது, அதோடு வரிசையாக இணைத்த மற்றவையும் குறையும். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்குக் கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள், முடிந்தால் மார்கழியில் ஒருமுறையும் போடுங்கள், அப்போதுதான் நிழல் நீளம். கிழக்கு மேற்காக நீண்ட ஓட்டுக் கூரை என்றால் தெற்குச் சரிவு பேனலுக்கு நல்ல இடம். காற்று பலமாக அடிக்கிற பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஸ்டாண்டின் பிடிப்பில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மாதம் இரண்டு முறை பேனலைக் கழுவ யார் ஏறுவார், ஏணியும் கைப்பிடியும் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணுங்கள்.

நிதிக்கு ஒரு யோசனை. நினைவாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வருகிற குடும்பங்களிடம் கையில் ஒரு பட்டியலை நீட்டுங்கள்: வடிகட்டித் தொட்டி இவ்வளவு, கிணற்று வலை இவ்வளவு, வெளி விளக்கு இவ்வளவு. இல்லையென்றால் அவர்கள் பாவம், இன்னொரு ஃபேனோ சுவர்க் கடிகாரமோதான் வாங்கி வருவார்கள்.

கடைசியாக, உங்கள் பதவிக்காலம் முடியும்போது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அடுத்த கமிட்டியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்: பில் கணக்கு நோட்டு, பைப்பும் குழியும் மண்ணுக்குள் எங்கே போகிறது என்ற கை வரைபடம், வடிகட்டி மணல் கடைசியாக மாற்றிய தேதி, சோலார் உத்தரவாதச் சீட்டு, எலக்ட்ரீஷியன் நம்பர். அதோடு சுண்ணாம்புக்கும் தாழ்வாரச் சுத்தத்துக்கும் வருஷா வருஷம் ஒரு தொகை பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானமாகப் போட்டு மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள். ஃபைல் தொலைந்தாலும் மினிட்ஸ் புத்தகம் பீரோவில் இருக்கும்.